ஏற்காடு ஏரி: ஆடி மாதத்துப் புதன்கிழமையில் போனால் என்ன இருக்கும்?

சந்தைக்காரன், ஈரோடு:

வணக்கங்க. ஈரோட்டில் ஜவுளி வியாபாரம், துண்டும் லுங்கியும். எங்களுக்குத் திங்கள் ராத்திரி தொடங்கிச் செவ்வாய் முழுக்கச் சந்தை. சனி, ஞாயிறு அதற்குச் சரக்கு எடுத்து வைக்கிற நாள். ஊரே மலைக்குப் போகும்போது நான் மூட்டை கட்டிக்கொண்டிருப்பேன். ஓய்வு கிடைப்பது புதனும் வியாழனும்தான்.

இந்த ஆடியில் வியாபாரம் மந்தம். ஆடிப்பெருக்கு முடிந்து அடுத்த வாரம் புதன்கிழமை ஏற்காடு போய், ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி தங்கலாம் என்று யோசனை. அப்பா, அம்மா, வீட்டுக்காரி, எல்கேஜி படிக்கிற பையன். அப்பாவுக்கு முட்டிவலி, படி ஆகாது. நான் கடைசியாகப் போனது கல்லூரி நாளில், ஒரு மே மாதம். பாதி மலையிலேயே வண்டிகள் நின்றுவிட்டன. அன்றைக்கு ஏரியைப் பார்த்த நேரத்தைவிட முன்னால் நின்ற பஸ்ஸின் முதுகைப் பார்த்த நேரம்தான் அதிகம். படகுக்கு நின்ற வரிசையைக் கண்டதும் திரும்பிவிட்டோம்.

சீசன் இல்லாத நாளில் படகு ஓடுமா? சாப்பிடக் கடை இருக்குமா? ஆடிக்காற்றில் குழந்தையைப் படகில் ஏற்றலாமா? "எல்லாம் மூடிக் கிடக்கும், ஆள் அரவமே இருக்காது" என்று மச்சான் பயமுறுத்துகிறார். அப்பாவோ, "பவானி ஆத்துல இல்லாத தண்ணியா அங்க இருக்குது?" என்கிறார்.

பனியன் பார்ட்டி, திருப்பூர்:

ஜவுளிக்கடைக்கு மட்டும்தான் ஆடித் தள்ளுபடி என்று நினைத்தீர்களா? லாட்ஜுக்கும் உண்டுங்கண்ணா, கூச்சப்படாமல் கேளுங்கள்.

எங்களுக்கெல்லாம் தீபாவளிக்கு போனஸ் போட்டுக் கம்பெனி மூடினால்தான் லீவு. அந்த நாளில் ஏற்காட்டு ஏரியில் தண்ணீரைவிட ஒறம்பரை (சொந்தபந்தம்) அதிகம். போன தடவை படகு வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் எங்கள் கம்பெனி கட்டிங் மாஸ்டர். அவர் முகத்தை நாலு நாளாவது பார்க்காமல் இருக்கலாம் என்றுதான் ஊரை விட்டே கிளம்பினேன்.

சங்ககிரி ஸ்டியரிங்:

ஏரியைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். நான் ரோட்டைப் பற்றிச் சொல்கிறேன். இருபத்தைந்து வருசம் லாரி ஓட்டியவன்.

அடிவாரத்திலிருந்து மேலே போக இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதியிருக்கும். கொல்லிமலையின் எழுபதோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் ஆடியில் தூறலும் மேகமும் சேர்ந்து வரும். ரோடு ஈரமாக இருக்கும், இலை விழுந்து கிடக்கும். சீசனில் கூட்டமே உங்களை மெதுவாகப் போக வைத்துவிடும். காலி ரோட்டில் நம் ஆட்கள் காலை அழுத்துகிறார்கள். அதில்தான் வண்டி தடுப்புச் சுவரில் உட்காருகிறது.

எந்த கியரில் ஏறினீர்களோ அந்த கியரிலேயே இறங்குங்கள். செகண்டில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டு பிரேக்கை மட்டும் நம்பினால் நாலாவது வளைவில் சூடேறி நாற்றம் வரும், அதற்கப்புறம் மிதித்தாலும் பிடிக்காது. ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள். மேகத்துக்குள் புகுந்தால் டிம் லைட் போதும். பிரைட் போட்டால் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிற மாதிரி இருக்கும். ஓடுகிற வண்டியில் நாலு இண்டிகேட்டரையும் போட்டுவிடாதீர்கள், எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது.

குரங்குக்கு எதுவும் போடாதீர்கள். ஒருவர் பிஸ்கட் போட்டுப் பழக்கிவிட்டால் அடுத்த வண்டியின் கண்ணாடிக்குள் கை விடும்.

ஆடி பரவாயில்லை. ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் என்று செய்தி வந்தால் மட்டும் கிளம்ப வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்தப் பாதையில் மண் சரிந்தது நினைவிருக்கும். குப்பனூர் வழியாக இன்னொரு பாதை இருக்கிறது, குறுகல். ரோடு பழகாதவர்கள் மேகத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

காந்திபுரம் அக்கா, கோவை:

எல்லோரும் "போங்க போங்க" என்கிறீர்கள். நான் பட்டதைச் சொல்கிறேன்.

போன வருசம் ஆகஸ்டில் நானும் தங்கச்சி குடும்பமும் போனோம். வாடகை பாதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த விடுதியில் இருந்ததே இரண்டு பையன்கள். சமையல்காரர் ஊருக்குப் போய்விட்டாராம். வெந்நீர் காலையில் ஒரு மணி நேரம் வரும் என்றார்கள், வந்தது கால் மணி நேரம். அறையில் சுவரெல்லாம் ஈரவாடை. ரொம்ப நாளாகப் பூட்டி வைத்திருந்த அறை என்று கதவைத் திறந்ததுமே தெரிந்தது. ராத்திரி எட்டு மணிக்கு இட்லி தேடிக் கிளம்பினால் கடைகளில் ஷட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. வியூ பாயிண்ட் போனால் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. என் தங்கச்சி வீட்டுக்காரர் அந்த மேகத்துக்கு முன்னால் நின்று, "சேலம் அந்தப் பக்கம் இருக்குது, நம்புங்க" என்று எங்களுக்குக் காட்டினார்.

வயசானவர்களோடு போகிறீர்கள் தம்பி. பாதி வாடகையைப் பார்க்காதீர்கள். சமையல் இருக்கிறதா, வெந்நீர் எத்தனை மணிக்கு, கீழ்த்தளத்தில் அறை உண்டா என்று மூன்றையும் போனில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். போனதும் அறையைத் திறந்து மூக்கால் ஒரு தடவை பாருங்கள்.

நாகலூர் காப்பி:

நான் மேலேயே இருக்கிறவன். நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பி, சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகு. அக்கா சொன்னது அத்தனையும் நடக்கிறதுதான். கடைக்காரர் எட்டு மணிக்கு அடைத்துவிட்டுப் போவதற்குக் காரணம் சோம்பல் இல்லை. பத்துப் பேர் வரலாம் என்று மாவு கரைத்து வைத்து, நாலு பேர் மட்டும் வந்தால் மிச்சத்தை என்ன செய்வார்? ஏழரைக்குள் சாப்பிட்டுவிடுங்கள், அல்லது மத்தியானமே ஒரு கடையில் சொல்லிவையுங்கள். சொல்லிவைத்தால் எடுத்து வைப்பார்கள்.

ஆனால் "சீசன்" என்கிற கணக்கே எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். ஏரி என்பது இந்தப் பள்ளத்துக்குச் சுற்றுச் சரிவுகளிலிருந்து இறங்குகிற தண்ணீர். நிறைந்து வழிகிற தண்ணீர் கிளியூர் அருவியில் போய் விழும். கோடை விழா நடக்கிற மே மாதத்தில் ஏரி வற்றி ஓரத்தில் சேறு தெரியும், அருவியில் பாறைதான் இருக்கும். தண்ணீர் குறைவாக இருக்கிற மாதம் பார்த்து ஊரே ஏரி பார்க்க வருகிறது! வருகிறவர்களுக்குக் குளிர் போதும் போலிருக்கிறது, ஏரி ஒரு சாக்கு.

ஆடியில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று தெரிந்து வாருங்கள். படகு ஓடும். காற்று முறுக்கினாலோ மின்னல் வெட்டினாலோ நிறுத்திவிடுவார்கள், அதனால் படகைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் என்கிற வியூ பாயிண்ட் இரண்டும் மேகம் மனசு வைத்தால்தான். மூன்று, மூன்றரைக்கு மேல் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வரும். சேலம் முந்நூறு மீட்டருக்கும் கீழே, நாங்கள் 1515 மீட்டரில். அடிவாரத்துக் காற்று மலைமேல் மோதி ஏறும்போது ஆயிரம் மீட்டருக்குப் பத்து டிகிரி வரை குளிர்ந்துவிடும், அதில் இருக்கிற ஈரமெல்லாம் மேகமாகிவிடும். காலையில் ஏரி மேல் நிற்கிற புகை வேறு. அது தண்ணீரிலிருந்தே எழும்புவது. ராத்திரி காற்று தண்ணீரைவிடச் சில்லென்று ஆகிவிடுவதால், அடுப்பில் வைத்த பாத்திரம் மாதிரி ஏரி ஆவி விடும். ஆறரைக்கு எழுந்தால் பார்க்கலாம். வெயில் ஏறினால் போய்விடும்.

காப்பியைப் பார்க்க வருவதாக இருந்தால் மாசி கடைசி, பங்குனியில் வாருங்கள். ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூக்கும், மல்லிகை வாசம். மூன்று நாளில் வாடிவிடும். எந்த மூன்று நாள் என்று எங்களுக்கே மழை விழுந்தபிறகுதான் தெரியும். கார்த்திகையிலிருந்து தை வரை பழம் பறிப்பு, களத்தில் காப்பி காய்கிற வாசம் ரோடு வரை வரும். ஆடியில் காய் பச்சை. செடியில் கொத்துக் கொத்தாக இருக்கும், பையனுக்குக் காட்டலாம். தோட்டத்துக்குள் இறங்கினால் அட்டை ஏறும், காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டின பிறகு வண்டியை விட்டு இறங்கி ரோட்டோரம் போட்டோ எடுக்காதீர்கள். காட்டுமாடு நிற்கும், அது நகரும் வரை கல் மாதிரிதான் தெரியும்.

மேட்டுப்பாளையத்தான்:

இத்தனை யோசனை எதற்கு? ஊட்டிக்கு வாங்க. காலை 7.10க்கு எங்கள் ஊரில் மலை ரயில் ஏறினால் 46 கிலோமீட்டர், பல்சக்கரத்தில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏறுகிற அழகு வேறெங்கும் இல்லை. 2005ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த ரயில். ஏரியும் பெரிசு. ஏற்காட்டு ஏரியை ஒரு பீடி பற்றவைத்து முடிப்பதற்குள் சுற்றிவிடலாம்.

சங்ககிரி ஸ்டியரிங்:

ஆடியில் நீலகிரியில் என்ன மழை என்று மேட்டுப்பாளையத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்லாறு குன்னூர் நடுவில் மண் சரிந்து ரயில் ரத்து என்று மழைக்காலத்தில் செய்தி வரும். முட்டிவலிக்காரரை ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டு என்ன செய்வது? அப்புறம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7லிருந்து சொந்த வண்டிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். காசில்லை, ஆனால் எடுத்தாக வேண்டும். ஏற்காடு அந்த உத்தரவில் இல்லை.

தமிழய்யா, ராசிபுரம்:

பெரிசு சிறிசு சண்டையில் ஒரு சின்னச் செய்தி. ஊட்டி ஏரி 1820களில் அன்றைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் ஓடையை மறித்து உண்டாக்கியது. கொடைக்கானல் ஏரி 1863ல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஏற்பாட்டில் வந்தது. இரண்டு இடத்திலும் வெள்ளைக்காரர் வந்தபிறகு ஏரி. ஏற்காட்டில் ஏரியை வைத்தே ஊருக்குப் பெயர்: ஏரிக்காடு என்பதுதான் ஏற்காடு ஆயிற்று என்பார்கள். இடையின ரகரம் வல்லின றகரமானது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். நாற்பது வருசம் மாணவர்களின் ர, ற பிழையைத் திருத்திய எனக்கு, பக்கத்து மலையின் பெயர்ப்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் சிவப்பு மையை எடுக்கத் தோன்றும்.

சேலம் கலெக்டர் இங்கே என்ன செய்தார் என்று கேட்டால், காப்பி. எம். டி. காக்பர்ன் 1820களில் காப்பிச் செடி கொண்டுவந்து வைத்தார். நாகலூர்த் தம்பிக்கு அவர் ஒருவகையில் முப்பாட்டன்.

ஒரு யோசனை. நேரம் இருந்தால் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டத்தைப் பாருங்கள், 1963லிருந்து இருக்கிறது. நான் மாணவர்களை அழைத்துப்போன அன்றைக்கு எங்களைத் தவிர யாருமில்லை. கொடியா செடியா என்று தெரியாமல் மரத்தில் தொற்றிக்கொண்டு வளர்கிறவற்றை வாட்ச்மேனே பொறுமையாகக் காட்டினார். கூட்டம் இருந்தால் இது நடக்குமா?

சந்தைக்காரன், ஈரோடு:

எல்லோருக்கும் நன்றிங்க. அக்கா சொன்ன மூன்று கேள்வியையும் கேட்டு ஒரு இடத்தில் கீழ்த்தள அறை பிடித்துவிட்டேன். முதலில் பேசிய இடத்தில் வெந்நீர் எப்போது என்று கேட்டதும், "வாங்க சார், பாத்துக்கலாம்" என்றார்கள். அந்த "பாத்துக்கலாம்" பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன்.

நாகலூர் அண்ணா, கிளியூர் அருவிக்கு அப்பாவை அழைத்துப்போக முடியுமா? பையனுக்கு மலைப்பாதையில் வாந்தி வரும், என்ன செய்வது?

நாகலூர் காப்பி:

கிளியூருக்கு இருநூறுக்கு மேல் படி இறங்க வேண்டும், இறங்கினதை ஏறியாக வேண்டும். முட்டிவலிக்கு வேண்டவே வேண்டாம். ஏரி நிறைந்து வழியாத நாளில் அங்கே பார்க்கவும் பெரிசாக ஒன்றுமில்லை, ஆடியில் அது மழையைப் பொறுத்தது. அதற்குப் பதிலாக ஏரிக்கரையில் நடக்க வையுங்கள், மட்டமான பாதை, அங்கங்கே உட்கார இடம். ஏரிக்கு எதிரே மிளகாய் பஜ்ஜிக் கடை வரிசை இருக்கிறது, கடைசிக் கடைக்காரர் என் பங்காளி. நாகலூரான் சொன்னான் என்று சொன்னால் பஜ்ஜி பெரிசாக வராது, ஆனால் உட்கார நாற்காலி வரும்.

காந்திபுரம் அக்கா, கோவை:

வாந்திக்கு: கிளம்பும்போது வயிறு முட்ட இட்லி ஊட்டாதீர்கள். ஒன்று போதும், மிச்சத்தை மேலே போய் ஊட்டுங்கள். ஜன்னலை இறக்கிவிடுங்கள், கையில் போனைக் கொடுக்காதீர்கள். வளைவு எண்ணை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், எண்ணிக்கொண்டே வந்தால் தெரியாது. என் மகளுக்கு அப்படித்தான். பெரியவருக்கு ஸ்வெட்டர் எடுத்துப்போங்கள், "எனக்கெதுக்கு" என்பார், கேட்காதீர்கள்.

சந்தைக்காரன், ஈரோடு:

போய் வந்துவிட்டோம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதன் காலை ஐந்தரைக்குக் கிளம்பி, சங்ககிரி தாண்டி, சேலத்தில் பெரியவர்களுக்கு டிபன். பையனுக்கு அக்கா சொன்னபடி ஒரே இட்லி. வளைவு எண்ணைப் படிக்கச் சொன்னதில் ஒரு சிக்கல், அவனுக்குப் பத்துக்கு மேல் தெரியாது. பதினொன்றுக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான். ஆனால் வாந்தி இல்லை. பதினாலாவது வளைவில் மேகம் வந்தது. வந்தது என்றால் மெதுவாக இல்லை, திரையை இழுத்த மாதிரி. செகண்டிலேயே ஏறினோம். எதிரில் ஒரு அரசு பஸ், இரண்டு பால் வண்டி, அவ்வளவுதான் மொத்தப் போக்குவரத்து.

ஒன்பதரைக்கு ஏரி. நான் கல்லூரி நாளில் பார்த்ததும் இதுவும் ஒரே ஏரி என்று நம்ப முடியவில்லை. அன்றைக்குத் தண்ணீர் இருந்ததாகவே நினைவில்லை, தலைகள்தான். இன்றைக்குக் கரை ஓரம் மிதிபடகுகள் கட்டிப்போட்ட மாடுகள் மாதிரி வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. தண்ணீரில் மூன்றே படகு. டிக்கெட் வாங்க வரிசை இல்லை, எனக்கு முன்னால் ஒரு நாய் படுத்திருந்தது.

நானும் வீட்டுக்காரியும் பையனும் அம்மாவும் நாலு பேர் மிதிபடகில் ஏறினோம். அப்பா வரமாட்டேன் என்று கரையில் உட்கார்ந்துகொண்டார். போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளியது, மிதிக்கவே வேண்டியதில்லை. "நல்லா மிதிக்கறடா" என்று அம்மா பாராட்டினார். திரும்பும்போதுதான் தெரிந்தது. எதிர்க்காற்றில் நான் மிதிக்க மிதிக்கப் படகு பக்கவாட்டில் போகிறது. பையன், "அப்பா, நாம ஏன் அந்த மரத்துகிட்டயே இருக்கறோம்?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டான். கடைசியில் படகுக்காரர் ஒருவர் துடுப்புப் படகில் வந்து, கரையோரமாகப் போங்கள், அங்கே மரம் காற்றை மறைக்கும் என்றார். அது வேலை செய்தது. ஆடியில் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: முதலில் காற்றுக்கு எதிராக மிதித்துப் போய்விட்டுத் திரும்பும்போது சும்மா வாருங்கள். நான் செய்தது தலைகீழ்.

கரைக்கு வந்தால் அப்பாவைக் காணோம். அவர் பஜ்ஜிக் கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாகலூர் அண்ணா பெயரை நாங்கள் சொல்லவே இல்லை. "குடை மடங்கிப்போச்சு, பிடிச்சு நிமுத்திக் குடுத்தாரு" என்றார். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்று தெரிந்தும் பட்டன் குடையை விரித்திருக்கிறார். கடைக்காரர் கம்பியை நிமிர்த்தி, டீ கொடுத்து, இருவரும் அரை மணி நேரமாக மஞ்சள் விலை, மிளகு விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள். கூட்டம் இருந்தால் அந்தக் கடைக்காரருக்கு அப்பாவைப் பார்க்க நேரம் இருந்திருக்காது. அன்று முழுக்க வேறு எங்கே கூப்பிட்டாலும் அப்பா, "நீங்க போயிட்டு வாங்க, நான் அந்தக் கடையில இருக்கேன்" என்றார். ஏற்காட்டில் அவர் பார்த்த இடம் அந்த ஒரு கடைதான்.

ஆர்க்கிட் தோட்டத்துக்கு நேரம் கிடைக்கவில்லை அய்யா, மன்னியுங்கள். மத்தியானம் பையன் தூங்கிவிட்டான்.

மூன்றே முக்காலுக்கு நாகலூர் அண்ணா சொன்ன மேகம். எதிர்க்கரை மரம் முதலில் மங்கியது, பிறகு படகுத்துறை, பிறகு தண்ணீர். கடைசியில் எங்கோ ஒரு துடுப்பு தண்ணீரில் விழுகிற சத்தம் மட்டும். பையன் பயந்து தாத்தா மடியில் ஏறிக்கொண்டான். "அப்பாரு, ஏரி எங்க போச்சு?" "வீட்டுக்குப் போயிருச்சு. நாளைக்கு வரும்."

லேடீஸ் சீட்டில் அக்கா பார்த்த அதே வெள்ளையைத்தான் நாங்களும் பார்த்தோம். ராத்திரி ஏழரைக்கு, சாப்பிட்டுவிட்டு இன்னொரு தடவை முயற்சி செய்யலாம் என்று நானும் வீட்டுக்காரியும் மட்டும் போனோம். கால் மணி நேரம் ஒன்றுமில்லை. திரும்பலாம் என்று வண்டியில் சாவி போட்டபோது மேகம் ஒரு இடத்தில் கிழிந்து, கீழே சேலம் முழுக்க விளக்கு. ஐந்து நிமிசம் இருக்கும். போன் கேமராவில் ஒன்றும் விழவில்லை, அதனால் படம் இல்லை.

குறை சொல்ல வேண்டுமானால் சொல்லலாம். தங்கிய இடத்தில் வெந்நீர் வந்தது, ஆனால் டிவி, லிஃப்ட் இரண்டும் வேலை செய்யவில்லை (கீழ்த்தளம், பிழைத்தோம்). சாப்பாட்டுக்குத் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை, தோசை இருந்தால் தோசை. பையனுக்கு ஊஞ்சல் விளையாட ஆசை, ஊஞ்சல் நனைந்து கிடந்தது. ஏரி ஓரத்தில் ஒரு மூலையில் பிளாஸ்டிக் பாட்டில் ஒதுங்கியிருந்தது. அது சீசனில் வந்தவர்கள் போட்டதா, எங்களைப் போலப் புதன்கிழமை வந்தவர்கள் போட்டதா, யாருக்குத் தெரியும்.

வியாழன் காலை ஆறரைக்கு நானும் அம்மாவும் மட்டும் எழுந்து நடந்தோம். ஏரி ஆவி விடும் என்று அண்ணா எழுதியதை அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சாயப்பட்டறைத் தொட்டி மாதிரியே இருக்குது" என்றார். எங்கள் வீட்டில் எல்லாம் ஜவுளிக் கணக்குத்தான். ஒரு நீர்க்காகம் முங்கி முங்கி எழுந்தது. அம்மா அது எங்கே எழும் என்று விரலால் காட்டிக்கொண்டே இருந்தார், ஒரு தடவைகூடச் சரியாக இல்லை.

பனியன் பார்ட்டி, திருப்பூர்:

படித்ததும் மேனேஜரிடம் போய் ஒரு புதன்கிழமை லீவு கேட்டேன். "யாரு செத்துட்டாங்க?" என்கிறார். ஏரி பார்க்க என்றால் கொடுக்கமாட்டார். யாரையாவது சொல்லியாக வேண்டும்.

மேட்டுப்பாளையத்தான்:

நல்லா இருந்தது. ஆனாலும் ஊட்டி ஏரி பெரிசு.

தமிழய்யா, ராசிபுரம்:

ஆர்க்கிட் தோட்டம் எங்கும் போய்விடாது தம்பி. பையனுக்கு இருபது வரை சொல்லிக் கொடுத்துவிட்டு மறுபடி போங்கள், வளைவும் இருபதுதான்.

சந்தைக்காரன், ஈரோடு:

ஒரு விசயம் விட்டுவிட்டேன். ஊருக்கு வந்து பார்த்தால் அப்பாவின் குடையைக் காணோம். அறையில் கேட்டேன், இல்லை என்றார்கள். கறுப்புத் துணி, மரப்பிடி, பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கும். புதுசு வாங்கித் தருகிறேன் என்றால், "அது நிமுத்தின குடை, இனி மடங்காது" என்று முனகுகிறார். நாகலூர் அண்ணா, உங்கள் பங்காளியிடம் ஒரு வார்த்தை கேட்க முடியுமா?

நாகலூர் காப்பி:

கேட்டேன். கடையில் ஆணியில் தொங்குகிறது. சேலம் வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்பட்டுமா என்றேன். வேண்டாமாம். கார்த்திகையில் பழம் பறிப்புக்கு வருவதாக உங்கள் அப்பா அவரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாராம், அப்போது வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்கிறார். அது உங்களுக்குத் தெரியுமா?

சந்தைக்காரன், ஈரோடு:

இப்போதுதான் தெரிகிறது. புதன்கிழமையா என்று கேட்டுச் சொல்லுங்கள்.